கல்யாண மேடைக்குப் பூ அலங்காரம்: தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

பூ அலங்காரம் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் எடுத்தவுடன் போனை நீட்டி ஏதாவது ஒரு மேடைப் படத்தைக் காட்டுகிறார்கள். நான் ஒரு நூல்கண்டையும் ஒரு கூடை உதிரிப்பூவையும் கொடுத்து உட்காரச் சொல்வேன். குன்றத்தூரில் கடை வைத்திருக்கும் எனக்குத் தெரிந்த வழி இதுதான். சரம் கட்டத் தெரியாதவருக்குப் பூ எவ்வளவு இழுப்பு தாங்கும், எந்தக் காம்பு நசுங்கும் என்பது கைக்குத் தெரியாது. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, காம்போடு காம்பு வைத்து முடிச்சு. வாழைநார் என்றால் தண்ணீரில் ஊறப்போட்டு, நனைந்த பதத்தில் கட்டுங்கள். காய்ந்த நார் அறுந்துவிடும். மல்லி கைக்கு வந்த பிறகு சம்பங்கியையும் ரோஜா இதழையும் ஊசியில் கோர்த்து மாலை கட்டப் பழகுங்கள்.

அடுத்தது கோயம்பேடு. 1996-ல் அந்த மார்க்கெட் வருவதற்கு முன்னால் மொத்தப் பூ வியாபாரம் பாரிமுனைப் பூக்கடைப் பக்கம்தான். ஊசி, ஜிகினா, குஞ்சம் போன்ற சாமான்களுக்கு நான் இன்னும் பாரிமுனைக்குத்தான் போகிறேன். பூவுக்குக் கோயம்பேட்டுக்கு விடிவதற்கு முன் போய்விட வேண்டும். ஓசூர்ப் பக்கத்து ரோஜாவும் ஜெர்பராவும், திண்டுக்கல் பக்கத்து மல்லியும் வந்து இறங்கியிருக்கும். முதல் சில தடவை வாங்காமல் சுற்றுங்கள். கூடையின் மேலே இருப்பதைப் பார்க்காதீர்கள், அடியில் கைவிட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அந்தப் பூ மாலைவரை தாங்காது. ரோஜாவை மொட்டின் அடிப்பாகத்தில் மெல்ல அழுத்துங்கள். கெட்டியாக இருக்க வேண்டும்.

ரோஜாக் கட்டைக் கடைக்குக் கொண்டுவந்ததும் காம்பைச் சாய்வாக நறுக்கி, தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளை உருவிவிட்டு, சுத்தமான வாளியில் நிறுத்துங்கள். ஜெர்பராவுக்குத் தண்ணீர் குறைவாக இருக்கட்டும். அதன் காம்பு சீக்கிரம் அழுகித் தலை தொங்கிவிடும். கார்னேஷனைப் பழத்தட்டுப் பக்கம் வைக்கவே கூடாது. பழம் பழுக்கும்போது வெளிவிடும் எத்திலீன் வாயு பட்டால் அது சுருண்டுபோகும். சீர்வரிசைத் தட்டுகள் எங்கே அடுக்கப் போகிறார்கள் என்று நான் முன்கூட்டியே கேட்பதைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் முழிப்பார்கள். முழிக்கட்டும்.

இப்போது தொழிலின் நடுப்பகுதிக்கு வருகிறேன். சென்னைக் கல்யாணங்களில் பெரும்பாலும் வரவேற்பு முந்தின நாள் மாலை, முகூர்த்தம் மறுநாள் காலை. மேடை ஒன்றுதான். சாயங்காலம் சோபாவும் பின்னணியுமாக நிற்கிற இடம் விடியற்காலை நாலு மணிக்கு மணவறையாக நிற்க வேண்டும். போட்டோக்காரர் கடைசி குரூப் போட்டோ எடுத்து இறங்கப் பதினொன்று ஆகிவிடும். மிஞ்சுவது ஐந்து மணி நேரம். அதனால் வேலையை முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். மணவறைத் தூண்களுக்கான சரங்களைப் பகலிலேயே கட்டி, நனைத்த கோணிக்குள் சுருட்டி வையுங்கள். பின்னணிச் சட்டத்தை இரண்டு விழாவுக்கும் பொதுவாக வைத்து, முன்பக்கத்தை மட்டும் மாற்றினால் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

எந்தப் பூ எங்கே என்பதையும் இந்தக் கடிகாரம்தான் தீர்மானிக்கிறது. மல்லியை மொட்டாகப் பறிக்கிறார்கள், அது இரவில் விரியும், மறுநாள் பழுப்பேறும். அதைத் தலைக்கும் மாலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், மேடையில் தொங்கவிட வேண்டாம். மேடைக்குச் சாமந்தி நல்ல உழைப்பாளி. அக்கினி வளர்க்கிற இடத்துக்கு நேர் மேலே பூச்சரமோ துணியோ தெர்மாகோலோ தொங்கவே கூடாது. படம் அழகாக வரும் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பூ குத்துவதற்குப் பச்சை நிறப் பஞ்சுக்கட்டி, அதாவது ஓயாசிஸ், எல்லா இடத்திலும் கிடைக்கிறது. அதைத் தண்ணீரின் மேல் போட்டு, தானாக அமிழ்கிறவரை விட்டுவிடுங்கள். கையால் அமுக்கினால் உள்ளே காற்று தங்கி, அந்த இடத்தில் குத்திய பூ முதலில் வாடும். ஒருமுறை காய்ந்ததை மறுபடி நனைத்துப் பயனில்லை. மக்காத பொருள் என்பதால் எனக்கு அதன்மேல் பெரிய பிரியம் கிடையாது. வாழைமரத் துண்டு கிடைத்தால் அதில் குச்சியால் துளை போட்டுக் குத்திவிடுவேன். ஈரமும் இருக்கும், கனமும் இருக்கும், முடிந்ததும் மாட்டுக்குப் போய்விடும்.

மாலைக்கு முன்பணம் வாங்கும்போதே பெண்ணின் உயரத்தைக் கேளுங்கள், முகூர்த்தப் புடவையின் படத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அரக்குப் புடவைமேல் சிவப்பு ரோஜா மாலை போட்டால் மாலை போட்டதே தெரியாது. கனமும் முக்கியம். ஹோமத்தின் முன் நெடுநேரம் உட்காரப்போகிற பெண்ணுக்குக் கழுத்து வலிக்கிற மாலை எதற்கு? கைத்திறன் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க ஆசை இருந்தால் தோவாளை மாணிக்க மாலையைத் தேடிப் பாருங்கள். அரளிப்பூவையும் நொச்சி இலையையும் மடித்துக் கட்டுகிற அந்த மாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

வருமானம் வருஷம் முழுக்க ஒரே மாதிரி வராது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஆடியில் அம்மன் கோயில்கள் சோறு போடும். மார்கழி, தையில் பனியால் மல்லி வரத்து குறைந்து விலை எகிறும். தினப்படி முழம் பூவும் துக்க வீட்டு மாலையும்தான் கடை வாடகையைக் கட்டுகின்றன. போர்டில் "டெக்கரேட்டர்" என்று எழுதிவிட்டு முழம் அளப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்தால் முதல் ஆடியிலேயே கடை மூடிக்கொள்ளும்.

விலை சொல்லும்போது காலண்டரைப் பார்த்துச் சொல்லுங்கள். முகூர்த்த நாளில் சம்பங்கி விலை சாதாரண நாளைப்போலப் பல மடங்கு ஏறும். ரசீதில் பூவின் பெயரோடு "வரத்து இல்லையென்றால் இந்தப் பூ" என்று மாற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மழைக்காலத்தில் இது ரொம்பவே உதவும். மீதிப் பணத்தை வரவேற்பு முடிவதற்குள் பெண்ணின் அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ கேட்டு வாங்கிவிடுங்கள். தாலி கட்டி முடிந்தால் ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிடுவார்கள். மண்டபத்துக்காரர் உங்களைத்தான் தேடுவார், குப்பையை அள்ளச் சொல்லி.