வன்னி வளவில் மாரி நீரைத் தேக்குதலும் நாட்டு மரங்களை நடுதலும்

இலங்கையின் வடபகுதியிலுள்ள வன்னியில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே பெய்து தீர்ந்துவிடுகிறது. சித்திரையில் இடைமழை சில நாள் கிடைத்தாலும், வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் உறிஞ்சி எடுத்துவிடும். ஆகவே எந்த மரத்தை எங்கே நடலாம் என்று எண்ணுவதற்கு முன்பு, கூரையிலும் முற்றத்திலும் விழும் நீர் எந்தப் பக்கமாக ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எவ்வழியாக ஒழுங்கைக்கு வடிகிறது என்பதை ஒரு மாரி காலத்திலாவது கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மழை இல்லாத காலத்தில் கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயைக் கொண்டு வளவின், அதாவது வீட்டைச் சூழ்ந்த காணியின், சரிவை அறிந்துகொள்ளலாம்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் நீர் கிடைக்கும். 60 சதுர மீற்றர் கூரையுள்ள வீட்டில், சிதறுவதற்கும் ஆவியாவதற்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும், 100 மில்லிமீற்றர் மழைக்கு 4,800 லீற்றர் சேரும். அதாவது 5,000 லீற்றர் கொள்ளும் தாங்கி ஒன்று கார்த்திகை மாதத்துப் பெருமழை ஒன்றிலேயே நிரம்பிவிடலாம். அதற்குப் பிறகு பெய்வதெல்லாம் மேலதிக நீர். தாங்கி கட்டுவதைப் பற்றிப் பலரும் சிந்திக்கிறார்கள்; தாங்கி நிரம்பிய பிறகு நீர் போக வேண்டிய வழியைப் பற்றிச் சிந்திப்பவர்கள் மிகக் குறைவு. நம் முன்னோர் குளம் கட்டியபோது அணைக்கட்டையும் நீரைத் திறந்துவிடும் துருசையும் மட்டும் அமைக்கவில்லை; நிரம்பிய குளத்தின் நீர் வழிந்து வான் பாய்வதற்கும் இடம் விட்டார்கள். வீட்டு வளவுக்கும் அதே ஒழுங்கு வேண்டும்.

தாங்கிக்கு நீரைக் கொண்டுவரும் பீலியைப் புரட்டாதியிலேயே துப்புரவாக்க வேண்டும். நீண்ட கோடைக்குப் பின் பெய்யும் முதல் மழை கூரையிலுள்ள தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும் என்பதால், அந்த நீரைத் தாங்கிக்குள் விடாமல் தோட்டத்துக்குத் திருப்புவதற்கு, இறங்கு குழாயில் மூடி திறக்கக்கூடிய ஒரு கிளைக் குழாயைப் பொருத்திக்கொள்ளலாம். தாங்கியின் வாயையும் வழிகுழாயையும் நுளம்பு புகாத நுண்வலையால் மூட வேண்டும். வவுனியாப் பக்கத்துக் கிணறுகள் சிலவற்றில் புளோரைட்டும் கடினத்தன்மையும் மிகுந்திருப்பதால், அங்குள்ள குடும்பங்களுக்குச் சுத்தமாகச் சேர்த்த மழைநீர் குடிநீராகவும் உதவும். கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். கூரை அஸ்பெஸ்ரஸ் ஆக இருந்தால் அந்த நீரைத் தோட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

மேலதிக நீரை மண்ணுக்குள் இறக்குவதற்குச் சரிவுக்குக் குறுக்கே, சமமட்டமாக ஒரு கிடங்கு வெட்டுவதே மலிவான வழி. 20 அடி நீளமும் 2 அடி அகலமும் 2 அடி ஆழமும் கொண்ட கிடங்கு ஏறத்தாழ 2,200 லீற்றர் நீரைக் கொள்ளும். மேற்சொன்ன கூரையில் 45 மில்லிமீற்றர் மழைக்கு வடியும் நீர் அதற்குள் அடங்கிவிடும். வெட்டிய மண்ணைக் கிடங்கின் கீழ்ப்பக்கத்தில் வரம்பாக இட்டு, வரம்பில் வெட்டிவேரை நெருக்கமாக நட்டால் மண் கரையாது. கிடங்கின் அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டைகளை அடுக்கலாம். அவை நீரை நெடுநாள் பிடித்து வைத்திருக்கும். வீட்டு அத்திவாரத்திலிருந்து குறைந்தது 10 அடி தள்ளியும், மலசலகூடக் குழியிலிருந்து இயன்றவரை தூரமாகவும் வெட்ட வேண்டும். நிரம்பினால் நீர் வெளியேறுவதற்கு ஒரு முனையில் சல்லி பரப்பிய தாழ்வான வாய் விட வேண்டும். 2018 மார்கழியில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் மூடியதைக் கண்டவர்களுக்கு அந்த வாய் ஏன் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை.

வெட்டுவதற்கு முன் மண்ணைச் சோதிக்க வேண்டும். ஓரடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு குழி தோண்டி, இரு முறை நீர் நிரப்பி, இரண்டாம் முறை எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது என்று பாருங்கள். செம்மண்ணிலும் முல்லைத்தீவுக் கரையோர மணலிலும் நீர் விரைவாக இறங்கிவிடும். அங்கே இலைகுழைகளையும் கூட்டெருவையும் சேர்த்து மண்ணின் பிடிப்பைக் கூட்ட வேண்டும். மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கத்துக் கரிய களிமண் நனைந்தால் வீங்கும், காய்ந்தால் வெடிக்கும். அங்கே நீரிறக்கும் கிடங்கு பயன்தராது, மேட்டுப்பாத்திகளே ஏற்றவை. எந்த மண்ணானாலும் நீர் மூன்று நாளுக்கு மேல் தேங்கி நிற்க விடக்கூடாது. நின்றால் நுளம்பு பெருகும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். இதுவரை கிளறப்படாத நிலத்தில் அலவாங்கு போடும்போது உலோகத் துண்டோ ஐயத்துக்குரிய பொருளோ தென்பட்டால், அது போர்க்காலத்து வெடிபொருளாக இருக்கலாம் என்பதால் அதைத் தொடாமல், அவ்விடத்தை அடையாளமிட்டு, பிள்ளைகளை அப்புறப்படுத்திப் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும்.

இனி மரங்கள். போருக்குப் பிந்திய மீள்குடியேற்றத்தின்போது பல வளவுகளில் பற்றையோடு மேல்மண்ணும் வழித்தெடுக்கப்பட்டுவிட்டது. அந்த வெட்டையில் தேக்கு நடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தேக்கு இந்தக் காட்டுக்குரிய மரமன்று. அதன் அகன்ற இலைகளிலிருந்து திரண்டு விழும் பெருந்துளிகள் கீழுள்ள மண்ணை அரிக்கும். பாலை, வீரை, முதிரை ஆகியவை இந்த நிலத்தின் கோடையோடு வளர்ந்து பழகியவை. பாலை மிக மெதுவாகவே வளரும். ஆனாலும் வளவுக்கு ஒரு பாலையாவது நிற்க வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். அதன் பழத்தைப் பேரப்பிள்ளைகளே பொறுக்குவார்கள் என்றாலும், நடுவது நம் கடன். கிடங்கின் கீழ்ப்பக்கத்து ஈரத்தில் நாவலும் மருதும் செழிக்கும். இடம் அகலமாக இருந்தால் மட்டுமே மருதை நடுங்கள். முற்றத்து நிழலுக்கு வேம்பும், பூவுக்குக் கொன்றையும் போதும். சோளகம் அடிக்கும் தென்மேற்குப் பக்கத்தில் பூவரசையும் நொச்சியையும் இரு வரிசையாக நட்டால் உள்ளேயுள்ள மரக்கறிப் பாத்திகள் காயாது. கடலோரமானால் பூவரசுடன் புன்னையும் உப்புக்காற்றைத் தாங்கும். வேலிக்குக் கிளுவைக் கதியால்கள் நல்லவை. அவற்றில் கார்த்திகைப்பூக் கொடியைப் படரவிடலாம், ஆனால் அதன் கிழங்கு கொடிய நஞ்சு என்பதால் சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் தவிர்க்க வேண்டும். புல்தரை விரும்புவோர் அறுகைப் பரவவிடலாம். அது கோடையில் கருகினாலும் முதல் மழைக்குத் துளிர்த்துவிடும்.

யானை நடமாடும் எல்லைக் கிராமங்களில் விளாத்தியையும் வாழையையும் வீட்டுக்கு அருகில் வைக்கக்கூடாது. காட்டிலிருந்து கன்றுகளைப் பிடுங்கி வருவதும் வேண்டாம். ஆணிவேர் அறுந்து பெரும்பாலும் பட்டுப்போகும். உதிர்ந்த பழத்தின் விதையை எடுத்து முளைக்க வைப்பதும் நாற்றுமேடையில் வாங்குவதும் நன்று. பாதீனியம், நாயுண்ணி ஆகிய களைகள் வளவில் தலைகாட்டினால் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்க வேண்டும். பாதீனியத்தை வெறுங்கையால் தொடக்கூடாது.

குழிகளை ஆவணியிலேயே வெட்டி, சாணமும் சருகும் இட்டு ஆறவிட்டு, மழை ஓரடி ஆழத்துக்கு மண்ணை நனைத்த பிறகு ஐப்பசியில் கன்றை நட வேண்டும். அப்போது நட்ட கன்றுக்கு வேர் ஊன்ற மூன்று மாத ஈரம் கிடைக்கும். முதற் கோடையில் ஒவ்வொரு கன்றின் அருகிலும் துளையிட்ட மண்முட்டி ஒன்றைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவிட்டால், ஊற்றும் நீர் வெயிலில் வீணாகாமல் வேருக்கே கசியும். சருகைக் கொளுத்தாமல் மரத்தடியில் பரப்ப வேண்டும். பாம்பின் பயம் கருதி வீட்டைச் சுற்றிப் பத்தடிக்கு மட்டும் கூட்டித் துப்புரவாக வைத்துக்கொள்ளலாம். கிடங்கில் படிந்த வண்டலை ஆண்டுதோறும் கோடை முடிவில் வழித்தெடுத்து மரங்களின் அடியில் இட்டால், கிடங்கும் பழைய கொள்ளளவுக்குத் திரும்பும், வேறு பசளையும் அதிகம் தேவைப்படாது.