வேலை வெளிநாட்டில், கல்யாணம் ஊர்க் கோயிலில்: எங்கே சறுக்குகிறது?

"ரெண்டு பேருமே கிறிஸ்தவங்கதானே, அப்புறம் என்ன?" என்று வீட்டில் ஒருவர் சொல்லி, மற்றவர்கள் தலையாட்டிவிட்டால் தவறுகள் அங்கேயே ஆரம்பித்துவிடுகின்றன. பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்துப் பையனுக்கு மூனிச்சில் வேலை. அவன் கட்டப்போவது ஒரு ஜெர்மன் லூத்தரன் பெண்ணை. தூத்துக்குடி கத்தோலிக்கப் பெண் லண்டனில் நர்ஸ். அவளுடைய மாப்பிள்ளை ஓர் ஆங்கிலிக்கன். வேதம் ஒன்றுதான். ஆனால் சபையின் சட்டம், நாட்டின் சட்டம், வீட்டு வழக்கம் மூன்றும் தனித்தனி. இது தெரியாமல் பெரும்பாலானவர்கள் முதலில் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிறார்கள், அடுத்து போட்டோகிராபர், அப்புறம் புடவை. கத்தோலிக்கர் தங்கள் பங்கின், அதாவது வட்டாரச் சபையின், சாமியாரிடமோ, சி.எஸ்.ஐ.காரர் ஐயர் என்று அழைக்கும் சேகரத்துப் போதகரிடமோ கடைசியில்தான் போகிறார்கள். அவர் கேட்கிற முதல் காகிதமே கையில் இருக்காது.

எது கல்யாணம், எது ஆசீர்வாதம்?

இருப்பதிலேயே பெரிய சறுக்கல் இதுதான் என்பேன். விசாவுக்காக அந்த நாட்டிலேயே பதிவுத் திருமணம் செய்துவிட்டு, அதைக் காதும் காதும் வைத்ததுபோல மறைத்து, ஊருக்கு வந்து கோயிலில் "முதல் முறையாக" கல்யாணம் செய்வது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். விசா அதிகாரியிடம் அது எடுபடாது.

இதில் இரண்டு பக்கமும் நேர் எதிராகத் தவறாகப் புரிந்துகொள்கின்றன. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வெளிநாட்டுப் பதிவு அலுவலகத்தில் போட்ட கையெழுத்து வெறும் விசா காகிதம், கோயிலில் நடப்பதுதான் கல்யாணம். ஜெர்மன் அல்லது பிரெஞ்சுக் குடும்பத்துக்கோ பதிவு அலுவலகம்தான் கல்யாணம், கோயிலில் நடப்பது ஓர் ஆசீர்வாதம். ஜெர்மனியில் 1876 முதல் அரசுப் பதிவுதான் சட்டப்படி திருமணம், கோயில் சடங்குக்குச் சட்ட மதிப்பு இல்லை. பிரான்சில் நகராட்சியில் பதிவு முடிந்த பிறகுதான் குருவானவர் திருமணத்தை நடத்தலாம். ஆகவே "உங்க ஊர் கோயில்ல எத்தனை சடங்கு வேணும்னாலும் பண்ணிக்கலாம்" என்று அவர்கள் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள்.

இந்தியாவில் கதை வேறு. 1872-ம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி, மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும், உரிய அதிகாரமுள்ள குருவானவர் நடத்துகிற திருமணம் சட்டப்படியான திருமணம். கோயில் பதிவேடு ஒரு சட்ட ஆவணம். ஏற்கெனவே பதிவுத் திருமணம் முடித்தவர் அதில் "திருமணமாகாதவர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அது பொய் வாக்குமூலம். இரண்டு சான்றிதழ், இரண்டு தேதி என்று குடியுரிமைக் கோப்பில் பல ஆண்டுகள் கழித்து வந்து நிற்கும்.

அமெரிக்காவுக்கு இது தலைகீழாக அடிக்கும். கே-1 விசா வருங்கால மனைவிக்கோ கணவருக்கோ தருவது. உள்ளே போய் 90 நாட்களுக்குள் அங்கே மணமுடிக்க வேண்டும். அதற்கு விண்ணப்பித்துவிட்டு, "சொந்தக்காரங்களுக்காக" நாகர்கோவிலில் கோயில் கல்யாணத்தை முடித்தால், சட்டப்படி நீங்கள் கணவன் மனைவி. கே-1 உங்களுக்குப் பொருந்தாது, துணைவருக்கான விசாவை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நிச்சயதார்த்தத்தோடு நிறுத்தியிருந்தால் சிக்கலே இல்லை.

ஆக, இரண்டு பேரும் உட்கார்ந்து, எந்த நாட்டில் நடப்பது சட்டப்படி கல்யாணம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். வெளிநாட்டில் பதிவு செய்தாகிவிட்டது என்றால் ஐயரிடம் சான்றிதழைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். ஆசீர்வாத ஆராதனையாக நடத்த வழி உண்டா என்று அவரே பேராயர் அலுவலகத்தில் கேட்டுச் சொல்வார். கத்தோலிக்கர்களுக்கு இன்னொரு முடிச்சு. அனுமதி பெறாமல் பதிவு அலுவலகத்தில் மட்டும் மணந்த கத்தோலிக்கரின் திருமணத்தைத் திருச்சபை திருமணமாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே கோயில் சடங்கு அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும், பதிவுத் திருமணம் நடந்ததும் பங்குத்தந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊராருக்குச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். அவரிடம் மட்டும் மறைக்காதீர்கள்.

காகிதம் கப்பலில் வருவதுபோல வரும்

ஞானஸ்நானச் சான்றிதழ் என்றால் சின்ன வயதில் வாங்கி லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறோமே, அது போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கத்தோலிக்கப் பங்கில் அது போதாது. பொதுவாகக் கடந்த ஆறு மாதத்துக்குள் எழுதி வாங்கிய புதுப் பிரதி கேட்பார்கள். ஒருவர் வேறெங்காவது மணமுடித்திருந்தால் அவருடைய ஞானஸ்நானப் பதிவேட்டில் குறிப்பு ஏறியிருக்கும், அதைப் பார்க்கத்தான். உறுதிப்பூசுதல் (ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) சான்று, திருமணத் தடை ஏதுமில்லை என்று இப்போது வசிக்கும் பங்கிலிருந்து கடிதம், திருமணத் தயாரிப்பு வகுப்புச் சான்று எல்லாம் கூடவே வரும். சி.எஸ்.ஐ.யில் அதே சடங்குக்குத் திடப்படுத்தல் என்று பெயர், அந்தச் சான்றும் சபைக் கடிதமும். வகுப்பை அந்த நாட்டிலேயே முடிக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். லீவு பத்து நாள், அதில் மூன்று நாள் வகுப்பு என்றால் வீட்டில் போர்தான்.

கத்தோலிக்கர் பிற சபைக் கிறிஸ்தவரை மணக்க ஆயரின் (பிஷப்பின்) அனுமதி வேண்டும். பிறக்கும் பிள்ளைகளைக் கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வதாகக் கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும். மற்றவருக்கு அந்த வாக்கைப் பற்றித் தெரிவித்திருக்கவும் வேண்டும். இதைக் கல்யாணத்துக்கு முந்தின வாரம் பங்கு அலுவலகத்தில் ஓர் ஆங்கிலேயருக்கு முதல் முறையாகச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பேச்சு அவசரத்தில் நடக்க வேண்டிய பேச்சல்ல.

ஜெர்மன் துணைவரென்றால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இன்னும் சபை உறுப்பினர்தானா? அங்கே சபை உறுப்பினர்கள் வருமான வரியில் 8 அல்லது 9 சதவீதத்தைச் சபை வரியாகக் கட்ட வேண்டும். அதைத் தவிர்க்கப் பலர் முறைப்படி விலகிவிடுகிறார்கள். விசுவாசம் இருக்கும், கிறிஸ்துமஸுக்குக் கோயிலுக்கும் போவார், ஆனால் சபையிலிருந்து கடிதம் கிடைக்காது. நம் ஊர் ஐயருக்கு இதைப் புரியவைக்க நேரம் பிடிக்கும்.

இன்னொரு கேள்வி கூச்சமானது, ஆனால் கேட்காமல் விட முடியாது. துணைவருக்கு முன்பு திருமணமாகி விவாகரத்து ஆகியிருக்கிறதா? நீதிமன்ற விவாகரத்து கத்தோலிக்கத் திருச்சபைக்குப் போதாது. முந்தைய திருமணம் இரண்டு புராட்டஸ்டண்டுகளுக்கு இடையே நடந்ததாக இருந்தாலும், அது செல்லாது என்று திருச்சபைத் தீர்ப்பாயம் சொன்னால்தான் அடுத்த திருமணம். அது மாதக்கணக்கில் இழுக்கும், ஆண்டைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. அதுவரை தேதி குறிக்காதீர்கள்.

மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டு நாட்டிலும் வாசிக்க வேண்டுமா, விலக்கு உண்டா என்று ஐயர் சொல்வார். பெயர் விஷயத்தில் மட்டும் நீங்களே உட்கார்ந்து சரிபாருங்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடு ஒன்று, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக மாறிய ஒன்று. திருமணப் பதிவேட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து வர வேண்டும். கையெழுத்துப் போடும் பரபரப்பில் கோயில் பணியாளர் எழுதியதை யாரும் படிப்பதில்லை. முந்தின நாளே தாளில் டைப் செய்து கொடுத்துவிடுங்கள்.

தேதியும் நேரமும்

லெந்து எனும் தவக்கால நாட்களில் நம் கோயில்களில் கல்யாணம் வைப்பதில்லை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தையும் பல பங்குகள் தவிர்க்கும். 2027-ல் லெந்து தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 10. ஆகவே கிறிஸ்துமஸ் முடிந்து பிப்ரவரி முதல் வாரம் வரைக்கும்தான் இடைவெளி. வெளிநாட்டிலிருக்கும் அத்தனை பேரும் அந்த வாரங்களுக்குத்தான் அடித்துக்கொள்வார்கள். ஈஸ்டருக்குப் பிறகு மே மாதம் கிடைக்கும். எழுபது வயது நார்வே மாமியாரை மே மாத நெல்லை வெயிலில், ஏசி இல்லாத கோயிலில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

சூரியன் மறையும் நேரத்தில் மாமல்லபுரம் கடற்கரையில் மோதிரம் மாற்றும் ஆசை நிறையப் பேருக்கு இருக்கிறது. சட்டம் திருமண நேரத்தைப் பொதுவாகக் காலை 6 முதல் மாலை 7 வரை என்று வைத்திருக்கிறது. கத்தோலிக்கத் திருமணம் கோயிலில்தான், வேறு இடத்துக்கு ஆயரின் அனுமதி வேண்டும். ரிசார்ட்டுக்குப் பணம் கட்டிவிட்டு அனுமதி கேட்டால், பணம்தான் போகும்.

விருந்தினர் விசாவையும் விமானத்தையும் சேர்த்தே யோசியுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்யாணத்துக்குச் சென்னையில் இறங்கச் சொல்லி, இரவு முழுக்க ரயிலில் அனுப்புகிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் 70 கிலோமீட்டருக்குள்தான்.

பீடத்துக்கு முன்னால்

முழுக்கத் தமிழில் நடத்தி வெளிநாட்டுத் தரப்பைச் சும்மா உட்கார வைப்பதும் தவறு, ஆங்கிலத்திலேயே நடத்தி ஆச்சியைத் தூங்க வைப்பதும் தவறு. பாட்டும் பிரசங்கமும் எப்படியும் இருக்கட்டும், வாக்குறுதியை அவரவர் அவரவர் மொழியில் சொல்லட்டும். புரியாமல் திருப்பிச் சொல்கிற வாக்குறுதியில் எந்தக் குருவானவருக்கும் நிம்மதி இருக்காது. கத்தோலிக்கச் சட்டம் மொழிபெயர்ப்பாளரைக்கூட அனுமதிக்கிறது. இரு மொழியில் ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்து எல்லோர் கையிலும் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

கத்தோலிக்கத் திருப்பலி என்றால், அதில் தரும் நற்கருணை அப்பம் பொதுவாகக் கத்தோலிக்கர்களுக்கு மட்டும் என்று அந்தப் புத்தகத்தில் இரண்டு வரி மரியாதையாக எழுதிவிடுங்கள். லூத்தரன் உறவினர்கள் தங்கள் கோயில் வழக்கப்படி வெள்ளந்தியாக வரிசையில் வந்து நிற்பார்கள், சாமியார் கொடுக்க முடியாமல் தவிப்பார். கலப்புத் திருமணத்தில் பெரும்பாலும் திருப்பலி இல்லாத திருமணச் சடங்கையே குருக்கள் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். பாதிக் குடும்பம் உட்கார்ந்திருக்க, மீதிப் பேர் எழுந்து போவது நல்ல நாளில் நன்றாகவா இருக்கும்?

தாலியைப் பற்றித் துணைவரிடம் முதலிலேயே பேச வேண்டும். சிலுவையோ புறாவோ பொறித்த தாலியை மோதிரத்தோடு சேர்த்து மந்திரித்துக் கட்டுவது நமக்குப் பழகிய விஷயம். அவருக்கு அது புதிது, கேள்விகள் இருக்கலாம். நம்மிலேயே பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் தாலியும் கிடையாது, நகையும் கிடையாது. மாப்பிள்ளை முடிச்சுப் போடப் பழகவில்லை என்றால் செயினில் கோர்த்துக் கொக்கி வைத்துக்கொள்ளலாம். முத்தம்? நம் ஊர்க் கோயில் சடங்கில் அது வழக்கமில்லை. வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவையுங்கள், அவ்வளவுதான்.

சொந்தபந்தம்

வாட்ஸப்பில் அழைப்பிதழை அனுப்பிவிட்டு "வருவீர்களா என்று உறுதிப்படுத்தவும்" என்று கேட்டால் நம் ஊரில் யாரும் பதில் போட மாட்டார்கள், ஆனால் அத்தனை பேரும் வருவார்கள், அழைத்த விதத்தில் மனத்தாங்கலோடு. நேரில் போய் அழைக்க அம்மா அப்பாவோ தாய்மாமாவோ வேண்டும், அதற்கு நாள் ஒதுக்குங்கள். அந்தப் பக்கத்து முப்பது பேருக்கோ எட்டு மாதம் முன்பே தேதி தெரிய வேண்டும்.

விருந்தில் ஒயின் இல்லை என்பதை அவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கோயில் வளாகத்து மண்டபத்தில் மது நினைத்தும் பார்க்க முடியாது. நண்பர்களுக்கு வேண்டுமென்றால் வேறு நாள், வேறு இடம்.

சீதனப் பேச்சை யாராவது ஒரு பெரியம்மா எடுப்பார். அதைத் துணைவரின் காதுக்குப் போகுமுன் நீங்களே நிறுத்துங்கள். 1961 முதல் அது குற்றம். அப்புறம், வெள்ளைக்காரரை இரண்டு நாளில் ஏற்றுக்கொண்ட அதே மாமா, வேறு சாதித் தமிழ்க் கிறிஸ்தவர் என்றால் கோயிலுக்கே வந்திருக்க மாட்டார். இதை உங்கள் துணைவர் ஒரு நாள் கண்டுபிடித்துக் கேட்பார். பதிலை யோசித்து வையுங்கள்.

கல்யாணத்துக்கு மறுநாள்

கோயில் கொடுத்த சான்றிதழோடு வேலை முடிந்தது என்று விமானம் ஏறுவது கடைசித் தவறு. தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டம் எந்த மதத் திருமணத்தையும் 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியச் சொல்கிறது. அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம். வெளிநாட்டு அலுவலகங்கள் பலவும் இந்தச் சான்றிதழைத்தான் கேட்கும். பிறகு மாநில அரசின் சான்றொப்பம், பிற நாடுகள் ஆவணத்தை ஏற்பதற்காக வெளியுறவு அமைச்சகம் தரும் அப்போஸ்டில் என்ற சான்று. இந்தியா 2005-லேயே அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டாலும் ஜெர்மனி அதற்கு ஆட்சேபம் தெரிவித்தது. அங்கே போகிறவர்கள் ஜெர்மன் தூதரகம் வழியாக ஆவணங்களைச் சரிபார்க்க வேண்டியிருக்கும், அதற்கும் மாதங்கள் ஆகும். ஐக்கிய அரபு அமீரகம் அந்த ஒப்பந்தத்திலேயே இல்லை, அங்கே தூதரகச் சான்றொப்பம்.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இரண்டு பேரும் சாட்சிகளோடு நேரில் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு, பொங்கல் விடுமுறை எல்லாவற்றையும் கழித்துவிட்டு, தேனிலவு டிக்கெட்டை அதற்குப் பிறகு ஒரு தேதியில் போடுங்கள். விருந்துக்கு வந்த வெளிநாட்டு நண்பர் ஒருவரைச் சாட்சியாக எழுதியிருந்தால் அவருடைய பாஸ்போர்ட் நகலையும், அவர் ஊர் திரும்பும் தேதியையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.