ரேடியோ ஸ்கேனரில் வானிலை எச்சரிக்கை ஒலிக்கவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

டொர்னேடோ எச்சரிக்கை வந்து பக்கத்து வீட்டு வெதர் ரேடியோ அலறுகிறது, உங்கள் ஸ்கேனர் (போலீஸ், தீயணைப்பு போன்ற ரேடியோ அலைவரிசைகளை மாறி மாறிக் கேட்கும் கருவி) மட்டும் வாயே திறக்கவில்லை. அமெரிக்காவில் புதிதாக ஸ்கேனர் வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. உடனே கடைக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

முதலில், குரல் கேட்கிறதா? அமெரிக்க அரசின் வானிலை ஒலிபரப்பான நோவா வெதர் ரேடியோ 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகளில் 24 மணி நேரமும் பேசிக்கொண்டே இருக்கும். வெதர் பொத்தானை அழுத்தி ஏழையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எல்லாவற்றிலும் கரகரப்புதான் என்றால் அட்டெனுவேட்டரை (வரும் சிக்னலின் வலுவைக் குறைக்கும் வசதி) அணைத்துவிட்டு, ஸ்கேனரை ஜன்னலோரம் வையுங்கள். ஆன்டெனா சுமார் 46 செ.மீ. நீளம் இருந்தால் இந்த அலைவரிசைக்குக் கச்சிதம். ஒலிபரப்பு எட்டுவது ஏறக்குறைய 40 மைல்தான். நடுவில் மலை இருந்தால் அதுவும் குறையும்.

குரல் வருகிறது, எச்சரிக்கை மட்டும் வரவில்லையா? பெரும்பாலானோர் சிக்குவது இங்கேதான். எச்சரிக்கை வரும்போது முதலில் 'கிர்ர்' என்று மூன்று முறை ஒரு டேட்டா இரைச்சல், அப்புறம் 1050 ஹெர்ட்ஸில் நீளமான ஒரு 'பீப்', எட்டுப் பத்து நொடிக்கு. அதன் பிறகுதான் பேச்சு. ஸ்கேனர் அந்த நேரத்தில் போலீஸ், தீயணைப்பு என்று தாவிக்கொண்டிருந்தால் இதெல்லாம் அதன் காதில் விழாது. மெனுவில் வெதர் அலர்ட் அல்லது வெதர் பிரியாரிட்டியை இயக்குங்கள். பிரியாரிட்டி இருந்தால் மற்றதை ஸ்கேன் செய்யும்போதே சில நொடிக்கு ஒருமுறை வானிலை அலைவரிசையையும் எட்டிப் பார்த்துக்கொள்ளும். சத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், சில மாடல்களில் அலர்ட் ஒலிக்குத் தனி அளவு உண்டு.

அடுத்தது சேம் (SAME) குறியீடு, அதாவது எச்சரிக்கை எந்தப் பகுதிக்கு என்று கருவிக்குச் சொல்லும் எண். ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஆறு இலக்க எண். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்ட்டிக்கு 048201. முதலில் வரும் சுழியம் 'முழு கவுன்ட்டி' என்பதற்கான அடையாளம், அதை விட்டுவிட்டு 48201 என்று மட்டும் போட்டால் பொருந்தாது. வீடு மாறியிருந்தால் பழைய கவுன்ட்டியின் எண் இன்னும் உள்ளேயே இருக்கலாம். சேம் வசதி இல்லாத ஸ்கேனர் 'பீப்' ஒலியை மட்டுமே கவனிக்கும் என்பதால் அக்கம்பக்கத்துக் கவுன்ட்டி எச்சரிக்கைக்கெல்லாம் கத்தும். அது கோளாறு இல்லை.

எல்லாம் சரிசெய்தபின் புதன்கிழமை வரை பொறுங்கள். நோவாவின் வாராந்திரச் சோதனை எச்சரிக்கை வழக்கமாக அன்று காலை 11 மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் வரும். சில கருவிகள் சோதனைக்குச் சைரன் எழுப்பாமல் திரையில் மட்டும் காட்டும், எனவே திரையையும் பாருங்கள். அன்றைக்கு உண்மையாகவே புயல் மிரட்டினால் சோதனையைத் தள்ளிப்போடுவார்கள்; ஒன்றும் வரவில்லையே என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிடாதீர்கள்.