அட்டாலியில் கிடக்கும் பழைய லேப்டாப்பை இடம் அடைக்காத டெஸ்க்டாப் ஆக்குவது எப்படி?

சோமனூர் பக்கம் என் மாமாவுக்குத் தறிக்குடோன் இருக்கிறது. அதில் ஆபீஸ் ரூம் என்று சொல்வது ஆறடிக்கு ஆறடி இடம்தான். ஒரு பீரோ, ஒரு சின்ன மேஜை, மூலையில் ஊடை நூல் மூட்டை, மேஜை நிறையப் பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) கணக்கு நோட்டுகள். "ஏனுங்க மாப்ள, கணக்குப் போட ஒரு கம்ப்யூட்டர் வேணும். ஆனா சிபியூ பெட்டி வெக்க எடமில்லீங்களே" என்றார். அவர் வீட்டு அட்டாலியில் ஒரு லேப்டாப் கிடந்தது எனக்கு ஞாபகம் வந்தது. மாமா மகள் ப்ளஸ் டூ படித்தபோது, 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வாங்கியது. கைதவறிக் கீழே விழுந்து கீல் உடைந்து, திரையும் கறுத்துப்போனதால் துணி சுற்றி மேலே போட்டுவிட்டார்கள்.

இப்படி ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கலாம். கீல், திரை, கீபோர்டு, பேட்டரி என்று கண்ணுக்குத் தெரியும் பாகங்கள்தான் முதலில் போகும். உள்ளே இருக்கும் மதர்போர்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மூன்றையும் வெளியிலிருந்து மாட்டினால் அது முழுக் கம்ப்யூட்டர்தான்.

பைசா செலவழிக்கும் முன் ஒரு சோதனை

அடுத்த பகுதியில் சொல்லும்படி பேட்டரி உப்பவில்லை என்று பார்த்துவிட்டு, சார்ஜரை மாட்டி, பக்கவாட்டில் எச்டிஎம்ஐ அல்லது விஜிஏ துளை இருக்கிறதா என்று பாருங்கள். எச்டிஎம்ஐ இருந்தால் வீட்டு டிவியிலேயே சோதிக்கலாம். கேபிளை மாட்டி ஆன் செய்யுங்கள். படம் வரவில்லையா? எஃப்என் பொத்தானை அழுத்திக்கொண்டு, மேல்வரிசையில் மானிட்டர் படம் போட்ட பொத்தானைத் தட்டுங்கள். விண்டோஸ் ஓடுகிறது என்றால் விண்டோஸ் பொத்தானோடு பி. எதற்கும் மசியாவிட்டால், தெரிந்த மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டுங்கள். போர்டே போய்விட்டது என்று அவர் சொன்னால் அதோடு நிறுத்திவிடுங்கள். அதன்மேல் காசு போடுவது வீண்.

பேட்டரியை முதலில் பாருங்கள்

இந்தப் படியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். லேப்டாப்பைச் சமதரையில் வையுங்கள். ஆடுகிறதா? டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா? அடிமூடி பிதுங்கியிருக்கிறதா? அப்படியானால் பேட்டரி உப்பியிருக்கிறது. அதைச் சார்ஜ் செய்யாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். லித்தியம் பேட்டரி கிழிந்தால் தீப்பிடிக்கும். கடையில் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றியதைக் குப்பையில் போடாமல், மின்கழிவு வாங்குபவரிடம் சேர்த்துவிடுங்கள். பெரும்பாலான பழைய மாடல்கள் பேட்டரி இல்லாமல் சார்ஜரிலேயே ஓடும்.

பேட்டரி நன்றாக இருந்தால் கழற்றவே வேண்டாம். கரண்ட் போனால் அதுதான் உங்கள் யூபிஎஸ். எப்போதும் சார்ஜரிலேயே கிடக்கப்போவதால் முழுச் சார்ஜில் நிற்கவிடாதீர்கள். சில மாடல்களில் 60 அல்லது 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி பயாஸில் (ஆன் செய்ததும் ஓஎஸ்ஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) அமைக்கலாம்.

தூசி

நம் ஊரில் இதுதான் பெரிய வேலை. தறி ஓடும் இடத்தில் பஞ்சுப் பிசிர் காற்றிலேயே மிதக்கும். மாமாவின் லேப்டாப்பைத் திறந்தபோது ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே பிசிர் சேர்ந்து கம்பளிபோல் படிந்திருந்தது. சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, திருப்புளியால் அடிமூடியைக் கழற்றுங்கள். எந்த ஸ்க்ரூ எந்தத் துளைக்கு என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பெயின்ட் பிரஷால் மெல்லத் தட்டி எடுங்கள். ப்ளோயர் வைத்து ஊதுவதானால் ஃபேன் சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

திறந்தது திறந்ததாக, பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதே இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்றைப் போட்டுவிடுங்கள். 256 ஜிபி போதும். ஒரே ஒரு பாகத்துக்குத்தான் செலவு செய்ய முடியும் என்றால் இதற்குச் செய்யுங்கள், வேகம் அந்த அளவுக்கு மாறும். ரேம் 2 ஜிபிதான் என்றால் 4 ஆக்குங்கள். பழைய ரேம் பட்டையைக் கையோடு கடைக்கு எடுத்துப் போனால் அதே வகையைப் பார்த்துத் தருவார்கள்.

திரைதான் உடைந்துவிட்டதே, மூடியையே கழற்றிவிடலாமே என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். பெரும்பாலான லேப்டாப்களில் வைஃபை ஆன்டெனா அந்த மூடிக்குள்தான் ஓடுகிறது. மூடியை எடுத்தால் நெட் சிக்னல் படுத்துவிடும்.

எந்த ஓஎஸ் (இயங்குதளம்)?

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏறுவதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை பிராசசராவது வேண்டும். இவ்வளவு பழைய லேப்டாப்பில் இவை இருக்காது. அதனால் நான் லினக்ஸ் மின்ட் என்ற ஓஎஸ்ஸின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டேன். இலவசம்தான். 2 ஜிபி ரேமிலும் ஓடும், 4 இருந்தால் நிம்மதி. ரூஃபஸ் என்ற மென்பொருளால் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து நிறுவலாம். மாமாவின் பாவுக் கணக்குக்கு அதிலேயே வரும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதுமானதாக இருக்கிறது. டாலி என்ற கணக்கு மென்பொருள்தான் வேண்டும் என்பவர்கள் விண்டோஸிலேயே இருந்துகொள்ளுங்கள், ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் பேங்க் வேலை பார்க்காதீர்கள்.

மூடியபடியே ஓடவைத்தல்

லேப்டாப்பை மூடினால் தூங்கிவிடும். அதை மாற்ற வேண்டும். விண்டோஸில் கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் போய், இடதுபக்கம் 'சூஸ் வாட் க்ளோசிங் த லிட் டஸ்' என்பதைத் திறந்து, இரண்டு பத்தியிலும் 'டூ நத்திங்' வையுங்கள். மின்ட்டில் பவர் மேனேஜருக்குள் லேப்டாப் லிட் என்ற இடத்தில் 'சஸ்பெண்ட்' என்றிருப்பதை 'ஸ்விட்ச் ஆஃப் டிஸ்ப்ளே' என்று மாற்றுங்கள். இதற்குப்பின் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பை எடுத்துப் பைக்குள் வைத்துவிடாதீர்கள், சூடேறிக் கெட்டுவிடும்.

நிற்கவைத்தல்

படுக்க வைத்தால் மேஜையில் ஒன்றேகால் அடி போய்விடும். புத்தகம்போல் நிறுத்தினால் மூன்று விரல் அகலம் போதும். ஆசாரியிடம் சொல்லி, ஒரு பலகைமேல் இரண்டு குட்டிச் சட்டம் அடித்து வாங்கினேன். நடுவில் லேப்டாப் கனத்தைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இடைவெளி. உள்பக்கம் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டியிருக்கிறது, வழுக்காது, அதிர்வும் குறையும். சட்டம் உயரமாக இருக்கக் கூடாது, அடிப்பக்கத்துக் காற்றுத் துளைகளை மறைத்துவிடும். சூடான காற்று எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று கையை வைத்துப் பார்த்து, அந்தப் பக்கத்தை மேலே வையுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும்.

மானிட்டருக்குப் பின்னால் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நாலு ஸ்க்ரூ துளை இருந்தால், சுவர் கிளாம்ப் போட்டு மாட்டிவிடலாம். மாமா மேஜையில் இப்போது கீபோர்டும் மவுஸும் மட்டும்தான், நோட்டுக்கும் இடம் இருக்கிறது. ஆன் செய்ய மட்டும் தினமும் வெள்ளெனப் போய் லேப்டாப்பை வெளியே எடுத்து, மூடியை இரண்டு விரல் திறந்து பொத்தானை அமுக்குகிறார்.

கரண்ட் போனால்

லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும், மானிட்டர் அணைந்துவிடும். மாமா முதல்நாள் பதறிவிட்டார். "போச்சுங்க மாப்ள, அடிச்ச கணக்கெல்லாம் போச்சு" என்று போன் வந்தது. எதுவும் போகவில்லை. திரை இருண்டிருந்தாலும் கன்ட்ரோலோடு எஸ் அடித்தால் கணக்கு பதிவாகிவிடும். அவருடைய பேட்டரி கால் மணி நேரம் தாங்குகிறது. கரண்ட் வந்து மானிட்டர் எரிந்ததும் விட்ட வரியிலிருந்தே தொடரலாம். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க நிறுத்தும் நாளில் மட்டும் காலையிலேயே முறையாக அணைத்துவிடுங்கள்.

தறிக்குடோனிலோ பனியன் கம்பெனியிலோ வைத்திருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடிமூடியைத் திறந்து பிசிரை எடுங்கள். வீடென்றால் வருஷம் ஒருமுறை போதும்.