களிமண் தலையிலிருந்து பிளாஸ்டர் வார்ப்பு வரை: சிற்ப மாணவருக்கு

சிற்பப் பிரிவில் சேர்ந்தவருக்கு ஆரம்பத்தில் வரும் பெரிய வேலை, மாடலை உட்காரவைத்து ஆளளவில் ஒரு தலை செய்வது. தலைகள் கெடுவது பெரும்பாலும் முகத்தில் அல்ல, உள்ளே இருக்கும் கம்பியிலும் பிளாஸ்டர் வாளியிலும்தான்.

ஒன்றரை அடிச் சதுரப் பலகையில் 35 செ.மீ. உயரமுள்ள இரும்புக் குழாயை இறுக்கி நிறுத்துங்கள். அதன் உச்சியில் தடித்த அலுமினியக் கம்பியால் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு வளையங்கள். வளையத்துக்குள், இரண்டு மரத்துண்டுகளைச் சிலுவைபோலக் கட்டித் தொங்கவிட வேண்டும். பதினைந்து கிலோ ஈரமண்ணைத் தாங்கிப் பிடிப்பது அந்தச் சிலுவைதான். அது இல்லாவிட்டால் மறுநாள் காலையில் தாடை கழுத்தில் உட்கார்ந்திருக்கும். கம்பி எங்கும் மேற்பரப்புக்கு 2 செ.மீ. உள்ளேயே இருக்கட்டும்.

கண்ணையும் உதட்டையும் தொட அவசரப்படாதீர்கள். உச்சி முதல் தாடை வரை, காதுத்துளை முதல் மூக்கு நுனி வரை, கன்ன எலும்புகளின் அகலம் ஆகிய மூன்றையும் காலிப்பரில் (இரு கால்களால் அகலம் அளக்கும் கருவி) எடுத்துக் குச்சி குத்தி வையுங்கள். கண்கள் தலை உயரத்தின் பாதியில் வரும். புதியவர்கள் அநேகமாக மேலே ஏற்றிவிடுவார்கள். கால் மணிக்கு ஒருமுறை மாடலையும் ஸ்டாண்டையும் ஒரே அளவு திருப்புங்கள். சென்னையில் படிப்பவர்கள், 1959இல் மெரினாவில் திறக்கப்பட்ட சிற்பி ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையை மாலை வெளிச்சத்தில் சுற்றிவந்து பாருங்கள். முகம் தெரியாத தூரத்திலேயே உடல்களின் பாரம் தெரியும். தலைக்கும் அதுதான் வேண்டும்.

வேலை முடிந்ததும் பிழிந்த ஈரத்துணி, மேலே பாலிதீன். துணி சொட்டினால் மண் கரையும்.

இனி களிமண் தலைமேல் இரண்டு பாகமாகப் பிளாஸ்டர் அச்சு எடுக்க வேண்டும். அதற்கு, காதுகளுக்குப் பின்னால் உச்சி வழியாக மெல்லிய பித்தளைத் தகடுகளை வேலிபோலச் செருகுங்கள். 1 லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 1.4 கிலோ பிளாஸ்டர். தண்ணீரில்தான் பிளாஸ்டரைத் தூவ வேண்டும், மாற்றிச் செய்தால் கட்டி கட்டியாகும். இரண்டு நிமிடம் ஊறவிட்டு, கையை அடியிலேயே வைத்துக் கலக்குங்கள். வாளியில் பழைய பிளாஸ்டர் ஒட்டியிருந்தாலோ அதிகம் கலக்கினாலோ கையிலேயே இறுகிவிடும். மீதியை ஒருபோதும் சிங்க்கில் ஊற்றாதீர்கள்.

முதல் பூச்சுக்கான தண்ணீரில் கொஞ்சம் காவிப்பொடி கலந்து, 5 மி.மீ. கனத்துக்கு விரலால் தெளியுங்கள். மூக்குத்துளை, காது மடலுக்குள் வாயால் ஊதிக் காற்றை விரட்டுங்கள். அது இறுகியதும் களிமண் தண்ணீரை லேசாகத் தடவி, வெள்ளைப் பிளாஸ்டரை 2 செ.மீ. ஏற்றுங்கள்.

சூடேறி ஆறிய பிறகு இணைப்பில் தண்ணீர் விட்டு, மரஆப்புகளை மாற்றி மாற்றித் தட்டினால் பின்பாகம் கழன்றுவிடும். மண்ணைத் தோண்டிக் கழுவி, அச்சின் உட்புறத்தில் சோப்புக் கரைசலை மூன்று முறை தடவி நுரையைத் துடைத்தெடுங்கள். பாகங்களைச் சேர்த்துக் கட்டி, பிளாஸ்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சுழற்றினால் 2 செ.மீ. கனமுள்ள கூடு கிடைக்கும்.

மறுநாள் மழுங்கிய உளியால் வெளியிலுள்ள அச்சை உச்சியிலிருந்து உடைக்கத் தொடங்குங்கள். காவி நிறம் தெரிந்ததும் அடியை மெதுவாக்குங்கள், சிலை 5 மி.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. மூக்கும் காதும் கடைசியில். குமிழி ஓட்டைகளை அடைக்குமுன் அந்த இடத்தை நன்றாக நனையுங்கள். காய்ந்த வார்ப்பு புதுப் பிளாஸ்டரின் நீரை உறிஞ்சிவிடும், ஒட்டு உதிர்ந்துவிடும்.