கம்பெனி வக்கீல் ஆக நினைப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

ஜூனியராக இருந்தபோது நான் எழுதிய முதல் ஒப்பந்தத்தை இப்போது எடுத்துப் பார்த்தாலும் கூச்சமாக இருக்கிறது. கோவையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம், ஃப்ரீலான்ஸர் ஒருவரிடம் ஆப் எழுதி வாங்கியது. இணையத்தில் கிடைத்த அமெரிக்க மாதிரி ஒன்றை எடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றினேன். ‘ஒர்க் மேட் ஃபார் ஹயர்’ (காசு கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கே உரிமை என்னும் அமெரிக்கச் சட்ட வார்த்தை) என்ற வரி அப்படியே இருந்தது. சீனியர் அதைச் சுழித்துவிட்டு, “அஞ்சு வருஷம் கழிச்சு இந்த ஆப் யாருதுப்பா?” என்று கேட்டார்.

விழித்தேன். நம்முடைய 1957 பதிப்புரிமைச் சட்டத்தில், ஊழியர் தன் வேலையாக எழுதினால் உரிமை முதலாளிக்கு. வெளியாள் எழுதிய மென்பொருள் என்றால் எழுதியவருக்கே. அதை எழுத்து மூலம் மாற்றி வாங்க வேண்டும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவுக்கு விற்க நினைத்த ஆப் அது! ‘வேலையை விட்டபின் இரண்டு வருடம் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது’ என்ற வரியும் இதே ரகம்தான். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுக்கு முன் அது நிற்காது.

அடுத்தது, கட்சிக்காரர் கேட்ட கேள்வியை விட்டுவிட்டுச் சட்டப் பாடம் நடத்துவது. திருப்பூரில் அட்டைப்பெட்டி செய்பவர் “ஏனுங்க, பணம் எப்பங்க வரும்?” என்றுதான் கேட்பார். உடனே பிளெயின்ட் (வழக்கு மனு) எழுத உட்காராதீர்கள். சரக்கு போவதற்கு முன்பே உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இருந்ததா என்று கேளுங்கள். இருந்தால், குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை, ஒப்பந்தத்தில் எத்தனை நாள் போட்டிருந்தாலும், 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. இழுத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இந்தப் பாக்கியை வசூலிக்கத் தனிக் கவுன்சிலே இருக்கிறது. கோர்ட்டுக்குத்தான் போவது என்றாலும், அவசர இடைக்கால நிவாரணம் எதுவும் கேட்காமல், சமரசப் பேச்சுக்கும் போகாமல் வணிக வழக்கு போட்டால் அது நிராகரிக்கப்படும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கட்சிக்காரர் பிடிக்க விளம்பரம் வேண்டாம். வக்கீல்களை நெறிப்படுத்தும் பார் கவுன்சிலின் விதி 36 தடுக்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் இதைக் கடுமையாகச் சொன்னது. இந்தப் பக்கத்தில் தொழில் செய்பவர் முதலில் போய் நிற்பது ஆடிட்டரிடம்தான். அவரோடு மல்லுக்கு நிற்காமல், அவர் நம்பி அனுப்பும் வேலையை ஒழுங்காகச் செய்தாலே போதும். ஆள் அனுப்பியதற்குக் கமிஷன் என்ற பேச்சே கூடாது. கட்சிக்காரர்கள் சிலர் “ஃபீஸுக்குப் பதில் பங்கு தரோம், கம்பெனிக்கு எம்.டி.யா (நிர்வாக இயக்குநரா) இருங்க” என்பார்கள். வக்கீல் எம்.டி. ஆக முடியாது.

இதையெல்லாம் தாண்டியும் நான் மாட்டிய இடம் ஒன்று உண்டு. இரண்டு நண்பர்கள், பாதிக்குப் பாதி பங்கு, சேர்ந்தே வந்தார்கள். என் கட்சிக்காரர் கம்பெனியா, அவனா, இவனா என்று நான் எழுதி வாங்கவில்லை. ஒன்றரை வருடத்தில் சண்டை. ஒரே ராத்திரியில் இருவரும் போன் செய்து, “நீங்க நம்ம வக்கீல்தானே?” என்றார்கள். ஒருவருக்கு ஆலோசனை சொல்லிவிட்டு அவருக்கு எதிராக நிற்க பார் கவுன்சில் விதி 33 விடாது. இருவரிடமும் வேறு வக்கீலைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, ஃபைலைக் கட்டிக் கொடுத்தேன்.