ஹியூபர்சின் ஏ: மூலிகைதானே என்று கொடுத்துவிடாதீர்கள்

வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளை, மறதிநோய் கண்ட அம்மாவுக்காக ஒரு மாத்திரை டப்பா வாங்கி வருகிறார். 'நினைவாற்றலுக்கு' என்று எழுதியிருக்கிறது. உள்ளே ஹியூபர்சின் ஏ. பெரணிகளுக்குத் தூரத்து உறவான ஒரு சிறு செடியிலிருந்து 1980களில் சீன விஞ்ஞானிகள் பிரித்தெடுத்த பொருள் இது. சீனாவில் மருந்து, அமெரிக்காவிலோ மருந்துச்சீட்டே இல்லாமல் துணை உணவாகக் கிடைக்கிறது.

மருத்துவருக்குச் சொல்லாமல் கொடுப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. நினைவுக்குத் துணைநிற்கும் அசிட்டைல்கோலின் என்ற மூளை வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதியை ஹியூபர்சின் தடுக்கிறது. மறதிநோய்க்கு மருத்துவர் எழுதித் தரும் டோனெபெசில் மாத்திரைக்கும் வேலை அதேதான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் நினைவு இரட்டிப்பாகாது. குமட்டல், வயிற்றுப்போக்கு, மயக்கம்தான் கூடும். நாடித்துடிப்பும் குறையும். அம்மா ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால் சாப்பிடுபவர் என்றால், அதுவும் துடிப்பைக் குறைக்கும் மருந்துதான். குளியலறையில் மயங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு இந்த டப்பாவை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அளவிலும் கவனம் வேண்டும். இது மைக்ரோகிராம் கணக்கில் கொடுக்கப்படுவது. ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். தூளாக வாங்கிச் சமையலறைக் கரண்டியால் அளப்பது விபரீதம். செடியைக் கஷாயம் வைப்பதும் அப்படியே. ஒரு குவளைக்குள் எவ்வளவு இறங்கியது என்று யார் அளப்பது?

நோய் குணமாகும் என்று நம்பிவிடவும் வேண்டாம். சீன ஆய்வுகள் பலவற்றில் நல்ல பலன் தெரிந்தது உண்மை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சிறியவை, நடத்திய முறையிலும் குறை சொல்லப்பட்டவை. அமெரிக்காவில் அல்சைமர் நோயாளிகளிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு இருமுறை 200 மைக்ரோகிராம் வீதம் 16 வாரம் கொடுத்தும் அறிவாற்றல் சோதனையில் முன்னேற்றம் தெரியவில்லை.

மாத்திரையை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது எனக்குப் பொறுக்காத தவறு. பி12 குறைபாடு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு எல்லாமே மறதியாக முகம் காட்டும். இவற்றுக்கு நேரடியான சிகிச்சை இருக்கிறது.

அறுவை சிகிச்சை என்றால், மயக்க மருந்து தருபவரிடம் டப்பாவையே காட்டுங்கள். தசையைத் தளர்த்தப் போடும் சில ஊசிகளின் வேலையை இது மாற்றிவிடக்கூடும். "வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா?" என்று கேட்கும்போது, "மூலிகைதான், வேறொன்றுமில்லை" என்று சொல்லிவிடாதீர்கள்.